நாலாவது நிமிஷம்

மார்ச் 4, செவ்வாய்

என் மனைவிக்கு,

நீ கோபித்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. நீ வேலை பார்க்கும் பம்ப் ஹவுஸ் வாசலுக்கு வந்தால், "மேடம் மெஷின் பக்கத்துல இருக்காங்க சார்" என்று காவலாளி அதே பாட்டைப் பாடுகிறார். ஆகவே எழுதுகிறேன். எழுத்தில்தான் நான் தெளிவாக இருப்பேன் என்று நீயே ஒருமுறை சொன்னாய். கிண்டலாகச் சொன்னாய் என்று இப்போது தோன்றுகிறது. போகட்டும்.

முதலில் நல்ல செய்தி. 'குறைந்த கார்பன் குடும்பம்' போட்டியில் நம் வீடு இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. நகரத்திலேயே இரண்டு வீடுகள்தான் மிச்சம். வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், அதைச் சுட வைக்க எவ்வளவு மின்சாரம், அந்த மின்சாரத்தால் எவ்வளவு கார்பன் என்று பார்ப்பார்கள். முதல் சுற்றில் தண்ணீர், அடுத்தது மின்சாரம். எதிர் வீட்டுத் தம்பதி ஆளுக்கு எழுபது லிட்டரில் நிற்கிறார்கள். நாம் அறுபத்தைந்து! போன மாதம் நூற்றிருபதில் இருந்தோம் என்பதை நினைத்துப் பார். இருபது வருடம் மேடை மேடையாக நான் பேசியது கடைசியில் என் சொந்த வீட்டிலேயே பலித்திருக்கிறது.

இப்போது அந்தச் சம்பவம். அன்று நடந்தது ஒரு செய்முறை விளக்கம். தண்ணீர் சேமிப்புப் பயிற்சிக்கு நம் வீட்டுக்கு வந்த எட்டுப் பேரும் படித்தவர்கள். யாரும் உன்னைப் பார்க்கவில்லை, மூடிய கதவைத்தான் பார்த்தார்கள். பாத்ரூம் சுவரில் மாட்டிய நாலு நிமிட மணி அடித்தும் ஷவர் நிற்கவில்லை என்றால் குடும்பத் தலைவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் கேட்டார். செய்து காட்டினேன். நீ தலையில் நுரையோடு வெளியே வந்து, அத்தனை பேர் நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு போனதுதான் விளக்கத்தில் இல்லாத பகுதி. அதன் பிறகு எனக்கு எவ்வளவு தலைக்குனிவு என்று உனக்குத் தெரியாது.

நடுவர்கள் 23-ஆம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறார்கள். படிவத்தில் 'உறுப்பினர்கள்: இருவர்' என்று எழுதிவிட்டேன். உன் கையெழுத்து வேண்டும், நீயும் வீட்டில் இருக்க வேண்டும். கோபத்தை 24-ஆம் தேதி வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கணவன்


மார்ச் 6

சொட்டு சார் அவர்களுக்கு,

ஊரே உங்களை அப்படித்தானே கூப்பிடுகிறது, நான் மட்டும் ஏன் விலக்கு? "ஒவ்வொரு சொட்டும்..." என்று நீங்கள் வாயைத் திறந்தால் பின்வரிசைப் பிள்ளைகள் மீதியைச் சேர்ந்து சொல்லி முடிக்கிறார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னீர்கள். அன்றைக்கு நான் சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன்.

இந்தத் தாள் பம்ப் ஹவுஸ் பதிவேட்டில் மை கொட்டிக் கெட்டுப்போன பக்கம். பின்பக்கம் காலி. காகித வீணடிப்பு என்று அதற்கும் ஒரு குறிப்பு எழுதிவிடாதீர்கள். ஒன்பது வருடக் கல்யாணத்தில் நீங்கள் என்னிடம் பேசியதைவிட ஒட்டியதுதான் அதிகம். பாத்ரூம் கதவில் ஒரு தாள், சிங்க்குக்கு மேலே ஒரு தாள், வாஷிங் மெஷின் மூடியில் ஒரு தாள். "அரிசி கழுவிய நீர் பச்சை வாளிக்கு." "பச்சை வாளி நிறைந்தால் கழிவறைக்கு." வாய் எதற்கு இருக்கிறது உங்களுக்கு, மேடைக்கு மட்டுமா?

செய்முறை விளக்கமாம்! கண்ணெல்லாம் ஷாம்பூ. கை சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறது. வெளியே என் புருஷன் குரல்: "இப்ப பாருங்க, நான் வால்வ மூடுறேன்." தண்ணீர் நின்றது. கை தட்டினார்கள், ஐயா. உள்ளே ஒருத்தி நிர்வாணமாக நிற்கிறாள், வெளியே கை தட்டுகிறார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகவே உங்களுக்குப் பரிசு கொடுக்கலாம்.

அறுபத்தைந்து லிட்டர் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் இருப்பது நீங்கள் ஒருவர். செலவு நூற்று முப்பது. அதை இரண்டால் வகுத்திருக்கிறீர்கள். அந்த இரண்டாவது ஆள் யார்? நானோ இங்கே குவார்ட்டர்ஸில் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வுமாக இருக்கிறேன். நான் வீட்டில் இருந்தபோது ஊதாரி. இல்லாதபோது உங்கள் கணக்கில் குளிக்காத, துவைக்காத, கை கூடக் கழுவாத உத்தமி. இப்படி ஒரு மனைவியைத்தான் ஒன்பது வருடமாகத் தேடினீர்கள்போல.

கடிதம் முழுக்கத் தேடினேன். 'உறுப்பினர்' இருக்கிறது, 'கையெழுத்து' இருக்கிறது, நேரம்கூட இருக்கிறது. 'வா' என்று ஒரு சொல் இல்லை. 'தப்பு செய்துவிட்டேன்' என்பது அதைவிட இல்லை. அந்த இரண்டையும் எழுதுங்கள், வருகிறேன். 23-க்கு இல்லை, மறுநாளே வருகிறேன். இப்படி எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உறுப்பினர்


மார்ச் 9

மனைவிக்கு,

உன் கடிதத்தில் உணர்ச்சி நிறைய இருக்கிறது, தகவல் குறைவு.

படிவத்தை நன்றாகப் படித்துப் பார்த்தேன். 'குடும்ப உறுப்பினர்கள் எத்தனை பேர்' என்றுதான் கேட்கிறார்கள். 'இந்த மாதம் குளித்தவர்கள் எத்தனை பேர்' என்று கேட்கவில்லை. நீ என் குடும்பமா இல்லையா? ஆமாம் என்றால் இரண்டு என்பது சரி. இதில் என்ன மோசடி?

நீ பம்ப் ஹவுஸில் பட்டனை அமுக்கும் வேலை பார்க்கிறாய். நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் உன் கையைத் தாண்டிப் போன பிறகு அதன் கார்பன் என்ன ஆகிறது என்பது வேறு படிப்பு. அதைப் பற்றி நான் மூன்று கையேடுகள் எழுதியிருக்கிறேன். நீ ஒன்றைக்கூடப் புரட்டியதில்லை. ஒன்றை அடுப்படியில் சூடான பாத்திரத்துக்கு அடியில் பார்த்தேன்.

ஒரே ஒரு கேள்வி, நேர்மையாகப் பதில் சொல். உடம்பை நனைக்க ஒரு நிமிடம். சோப்புக்குத் தண்ணீரே வேண்டாம். அலச இரண்டு நிமிடம். தாராளமாக நாலு கொடுத்தேன். நீ பத்து நிமிடம் நிற்கிறாய், சில நாள் பன்னிரண்டு. சோப்பெல்லாம் போன பிறகும் சும்மா நிற்கிறாய். மணியின் பதிவில் எல்லாம் இருக்கிறது. அந்த மீதி ஆறு நிமிடம் உள்ளே உனக்கு என்னதான் வேலை?

மற்றபடி, கேட்ட இரண்டையும் நேரில் பேசிக்கொள்ளலாம். இவை எழுதிக் கொடுக்கும் விஷயங்கள் அல்ல.

உன் கணவன்


மார்ச் 11

சொட்டு சார்,

பாத்ரூம் கதவில் முப்பது வரி எழுதி ஒட்டத் தெரிகிறது. 'தப்பு' என்ற ஒரு சொல் மட்டும் எழுதிக் கொடுக்கும் விஷயம் இல்லையாம். சரி.

அந்த ஆறு நிமிடத்தைச் சொல்கிறேன். ஒன்பது வருடத்தில் இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறீர்கள். குற்றவாளியிடம் கேட்பதுபோலக் கேட்டாலும், கேட்டீர்களே.

பம்ப் ஹவுஸில் மொத்தம் நாலு மோட்டார். எப்போதும் மூன்று ஓடும். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை அந்த இரைச்சலுக்குள் நிற்கிறேன். காதில் அடைப்பான் வைத்துக்கொண்டாலும் தரை வழியாக, பல் வழியாக ஏறும். வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தால் பஸ் சத்தம் கேட்காது, மோட்டார்தான் கேட்கும். நீங்கள் ஏதாவது சொன்னால் இரண்டாவது தடவைதான் காதில் விழும். "செவிடா நீ?" என்பீர்கள். ஷவரை உச்சந்தலையில் விழவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றால், ஐந்தாறு நிமிடத்தில் அந்த மோட்டார் அடங்கும். நின்றுவிட்டது என்று எனக்கே தெரியும், சுவிட்சை அணைத்ததுபோல. அதற்குப் பிறகுதான் நான் மனுஷி. அதற்காகத்தான் நிற்கிறேன். உங்கள் நாலு நிமிட டப்பா சரியாக அதற்கு முன்னால் கூவும்.

இனி உங்கள் படிப்புக்கு வருவோம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற எனக்கு அரை யூனிட் மின்சாரம் போதும். அதே ஆயிரம் லிட்டரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர உங்கள் ஹீட்டருக்குப் பதினேழு யூனிட் ஆகும். பட்டன் அமுக்குபவள்தான், ஆனால் பட்டனுக்குப் பக்கத்தில் மீட்டர் இருக்கிறது, படிக்கத் தெரியும். நீங்கள் அரிசி கழுவின தண்ணீரைப் பச்சை வாளியில் தூக்கிக்கொண்டு ஹாலெல்லாம் சிந்தியபடி போகிறீர்களே, அதில் மிச்சமாகிற கார்பன் ஒரு தும்மலுக்குக் காணாது. கார்பன் ஹீட்டரில் இருக்கிறது. அந்த ஹீட்டரை எழுபது டிகிரியில் வைத்து, வருடம் முழுக்க அணைக்காமல் விட்டிருப்பது யார்? "அடிக்கடி போட்டு அணைச்சா கெட்டுப்போயிடும்" என்று சொன்னது எந்தக் கையேடு?

இன்னொன்று. ஹீட்டரின் பாதுகாப்பு வால்விலிருந்து ஒரு சின்னக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு பின்சந்துக்குப் போகிறது. நீங்கள் அந்தச் சந்தைப் பார்த்ததே இல்லை, குப்பை கொட்டப் போகிறவள் நான். போய் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்னேன், "ஏங்க, பின்னாடி கொழாய்ல சுடுதண்ணி சொட்டுதுங்க." நீங்கள் மேடைப் பேச்சுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "பேச்ச மாத்தாத. மொதல்ல நீ குளிக்கிற நேரத்தக் கொற" என்றீர்கள். ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் இருந்தால் நானே சரி செய்திருப்பேன். வீம்புக்கு விட்டுவிட்டேன். அது என் தப்பு. பாருங்கள், எழுத வருகிறது.

கடைசியாக, நான் இங்கே வந்த பிறகு வீட்டு மின்சார மீட்டர் என்ன சொல்கிறது? தண்ணீர்க் கணக்கை மட்டும் எழுதியிருக்கிறீர்களே.

பட்டன் அமுக்குபவள்


மார்ச் 13

மனைவிக்கு,

காது விஷயம் எனக்குத் தெரியாது. நீ சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு நாள் யோசித்து ஒரு தீர்வு கண்டிருக்கிறேன். உனக்கு வேண்டியது தண்ணீர் அல்ல, தண்ணீரின் சத்தம். மழை பெய்யும் சத்தம், அருவிச் சத்தம் எல்லாம் இப்போது பதிவாகக் கிடைக்கிறது. ஒரு சின்ன ரேடியோ ஐந்து வாட்டுக்கு மேல் இழுக்காது. வேலை முடிந்து வந்து கட்டிலில் படுத்தபடி வேண்டிய நேரம் கேட்கலாம். நீ சொன்ன ஆறு நிமிடத்தை இப்படிக் கேட்டால் கார்பன் ஏறக்குறைய பூஜ்ஜியம். ஒரு ரேடியோ வாங்கி வைத்திருக்கிறேன். நீல நிறம், உனக்குப் பிடிக்கும்.

மின்சார மீட்டர் பற்றிக் கேட்டாய். முன்பு நாளொன்றுக்கு ஒன்பது யூனிட். இப்போது எட்டு. மீட்டரில் கோளாறு என்று நினைக்கிறேன், புகார் கொடுத்திருக்கிறேன்.

பின்சந்துக்கு இன்னும் போகவில்லை. கூட்டங்கள் இருந்தன.

உன் கணவன்


மார்ச் 15

மீட்டரில் கோளாறாம்! ஐயா சாமி, பம்ப் ஹவுஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மூன்று மோட்டார் சத்தத்தையும் தாண்டிக் கேட்டு ஃபிட்டர் ஓடி வந்தார்.

ஒன்பது யூனிட் எட்டாகியிருக்கிறது. அப்படியென்றால் உங்கள் வீட்டில் நான் ஒரு யூனிட். என் குளியல், என் துணி, என் விளக்கு எல்லாம் சேர்த்து ஒன்று. மீதி எட்டும் நீங்களும் உங்கள் ஹீட்டரும். இந்த ஒரு யூனிட்டுக்காகத்தான் சுவரில் மணி, கதவில் தாள், எட்டுப் பேர் கைதட்டல். கொஞ்சம் பெரிய குற்றமாகச் செய்திருக்கலாம் நான்.

ரேடியோவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்களுக்குத் தாகமெடுத்தால் அதில் அருவிச் சத்தம் கேளுங்கள்.

ஒரு யூனிட்


மார்ச் 19

அன்புள்ள உனக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை கிழித்தேன்.

நேற்றுக் காலை கீழ்வீட்டு அக்கா படிக்கட்டில் மறித்து, "என்ன தம்பி, தங்கச்சிய மூணு நாலு வாரமாக் காணோம்? ஒடம்பு சரியில்லையா?" என்றார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். "சீக்கிரம் வரச் சொல்லு. அவ புண்ணியத்துல ரெண்டு வருஷமா நான் சுடுதண்ணிலதான் பாத்திரம் கழுவுறேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையைப் பிடித்துப் பின்சந்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

நம் குழாய்க்கு நேர் கீழே அவருடைய சிவப்பு பக்கெட். பாதி நிறைந்திருந்தது. லேசாக ஆவி பறந்தது. "காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு ரொம்புது. நீங்க ஏதோ தண்ணி சேமிப்புத் திட்டம்னு இப்படி விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். நாலு பேருகிட்ட பெருமையாச் சொல்லியிருக்கேன்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அளவுக் குவளையை எடுத்துவந்து ஒரு மணி நேரம் அந்தச் சந்தில் நின்று பிடித்துப் பார்த்தேன். நாளொன்றுக்கு இருபத்தாறு லிட்டர், எழுபது டிகிரியில் காய்ந்த தண்ணீர். இரண்டு வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன், பிறகு நிறுத்திவிட்டேன். உன் ஆறு நிமிடத்தை அதற்குள் எத்தனை முறை வைக்கலாம் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீடு நன்றாக இல்லை. மணியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். கதவில் இருந்த தாளையும் உரித்துவிட்டேன், அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. அன்றைக்கு நான் வால்வை மூடியது தப்பு. கை தட்டினபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அது அதைவிடத் தப்பு. இதை எழுதிவிட்டேன்.

வா. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளி.

உன் கணவன்

பின்குறிப்பு: ஞாயிறுக்கு முன்னால் பிளம்பர் யாரும் கிடைக்கவில்லை. நடுவர்கள் பின்சந்தையும் பார்ப்பார்களாம். எப்படியும் வருகிறாய், சனிக்கிழமையே வந்தால் நல்லது, ஸ்பேனரையும் கொண்டுவா. படிவம் பாத்ரூம் அலமாரியில் இருக்கிறது. உன் கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன்.


மார்ச் 22, சனி
(பாத்ரூம் கதவில், வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் ஒட்டியது)

சொட்டு சார்,

நீங்கள் நடுவர்களுக்கு பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறீர்கள். வருவதற்குள் எழுதி ஒட்டிவிடுகிறேன். இந்த வீட்டில் எதையும் சொல்வதற்கு இதுதானே வழி.

ஹீட்டர் வால்வைச் சரி செய்துவிட்டேன். புது வாஷர் போட்டிருக்கிறேன், பத்து வருடம் சொட்டாது. ஹீட்டரை ஐம்பத்தைந்துக்கு இறக்கியிருக்கிறேன். குளிப்பதற்கு அரை மணி முன்னால் போடுங்கள், குளித்ததும் அணையுங்கள், கெட்டுப்போகாது. கீழ்வீட்டு அக்காவிடம் இனிமேல் சுடுதண்ணீர் வராது என்று நானே சொல்லிவிட்டேன். "ஐயோ, திட்டம் முடிஞ்சுபோச்சா?" என்றார். முடிந்துவிட்டது என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். உங்கள் பின்குறிப்பைப் படித்த பிறகும் பையோடுதான் வந்தேன். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன், நீங்கள் கவனிக்கவில்லை. 'வா' என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் அந்த ஒரு சொல்லை நம்பலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்தவுடன் நீங்களும், "போய் நிம்மதியாக் குளிம்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றீர்கள். கேட்க நன்றாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஷவரைத் திறந்தேன். மணி இல்லை. தாள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போய்க்கொண்டிருந்தது.

நாலாவது நிமிஷம் வெளியே ஒரு இருமல்.

உங்களுக்குச் சளி இல்லை. காலையிலிருந்து ஒரு தடவைகூட இருமவில்லை. டப்பாவைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டீர்கள், அது உங்கள் தொண்டைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. கோபம்கூட வரவில்லை எனக்கு. இருபத்திரண்டு நிமிடம் நின்றேன். நீங்கள் இன்னும் மூன்று தடவை இருமினீர்கள், நான் எண்ணினேன். அப்படியும் மோட்டார் நின்றது.

பையை எடுத்துக்கொண்டேன். நீல ரேடியோ மேசைமேல் இருக்கிறது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நீங்கள் புள்ளி வைத்த அதே இடத்தில். 'உறுப்பினர்கள்' என்ற இடத்தில் 'இருவர்' என்பதை அடித்துவிட்டு 'ஒருவர்' என்று எழுதி, பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மை அழியாது, தேய்த்துப் பார்க்காதீர்கள்.

நடுவர்கள் பத்து மணிக்கு வருவார்கள். நூற்று முப்பதை ஒன்றால் வகுத்து வையுங்கள்.